மைக்ரோ விநாடிச் செவி: மூளைத்தண்டின் கேட்டல் நரம்பணுக்களில் அயனிக் கால்வாய்களின் பங்கு

சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதாகும்போதே குடும்பம் விசாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்துவிட்டது. ஆகவே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்தத் தீவின் ஒலிகள்தாம் அவரை ஒலியியலுக்கு இழுத்துச் சென்றன என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அத்தீவின் கோயில்களிலும் கச்சேரி மேடைகளிலும் ஒலித்துவந்த மிருதங்கத்தை நவீன இயற்பியலின் கண்கொண்டு பார்த்து எழுதியவர் அவர். 1920 ஜனவரியில் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். 1934இல், தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஏட்டில் அதையே விரித்து எழுதினார்.

அவர் காட்டியது இது. இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் எழும் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வின் முழுமடங்குகளாக அமைவதில்லை. அதனால்தான் பெரும்பாலான முரசுகளுக்கு ஓசை உண்டு, ஸ்ருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கரணை ஏற்றப்படுகிறது. அந்தக் கனமும் விளிம்புத் தோலின் தடையும் சேர்ந்து, தோலின் ஒன்பது அதிர்வு முறைகளை முதல் ஐந்து இசை மடங்குகளுக்குள் கொண்டுவந்து நிறுத்துகின்றன. தட்டும் தோல் பாடும் தோலாகிறது.

ராமன் தோலோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஒலி காதுக்குள் நுழைந்த பிறகு, அதன் ஒவ்வோர் அதிர்வின் நேரத்தையும் குறித்துக்கொள்ளும் வேலை மூளைத்தண்டின் நரம்பணுக்களுடையது. அங்கேயும் ஒரு சவ்வு இருக்கிறது. அதன்மேல் ஏற்றப்பட்டிருப்பவை அயனிக் கால்வாய்கள். வலந்தலையின் தோலுக்குக் கரணை எப்படியோ அப்படி, இந்தச் சவ்வுக்கு இந்தக் கால்வாய்கள். எதை ஏற்றியிருக்கிறோம் என்பதே சவ்வு எதற்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இக்கட்டுரையின் கேள்வி ஒன்றுதான். நரம்பணுவின் இயல்பான வேகம் மில்லி விநாடிக் கணக்கு. செவி பிரித்தறிவதோ மைக்ரோ விநாடிக் கணக்கு. நடுவிலுள்ள இந்த இடைவெளியை நிரப்புவது எது? நரம்பு இழைகளின் நீள வேறுபாடு என்பது பழைய விடை. சரியான கணத்தில் வந்து அடக்கும் தடைச் சைகை என்பது இடைக்கால விடை. சவ்விலுள்ள பொட்டாசியக் கால்வாய்கள் என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் வலுப்பெற்ற விடை. மூன்றாவதே மற்ற இரண்டுக்கும் அடித்தளம் என்பது என் வாதம். அந்த வாதம் எதுவரை செல்லும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வியின் அளவு

ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதியில் புறப்பாடு வரும்போது நாகஸ்வரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம். தணிந்த சுரங்களில் இதைச் சாத்தியமாக்குவது இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாடு என்று ரேலி பிரபு 1907இல் நிறுவினார். வெப்பமான மாலைக் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஒலி நேர் வலப்புறத்திலிருந்து வந்தால், இடக்காதை அடைய அது தலையைச் சுற்றி ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். அதற்குப் பிடிக்கும் நேரம் சுமார் 0.65 மில்லி விநாடி. நமக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வேறுபாடே அவ்வளவுதான். க்ளம்ப், ஈடி இருவரும் 1956இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, பயிற்சி பெற்ற செவிகள் சுமார் 10 மைக்ரோ விநாடி வேறுபாட்டையும் உணர்ந்துவிடுகின்றன. அந்நேரத்தில் ஒலி காற்றில் கடக்கும் தூரம் மூன்றரை மில்லிமீட்டர். இதைக் குறித்துக்கொள்ள வேண்டிய ஒற்றை நரம்புத் துடிப்போ கிட்டத்தட்ட ஒரு மில்லி விநாடி அகலம் கொண்டது. அளக்க வேண்டிய பொருளைவிட அளவுகோலின் கோடு நூறு மடங்கு தடிமன்.

கல் மதில்கள் சூழ்ந்த இடத்தில் சிக்கல் இன்னொரு படி கூடுகிறது. மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வந்த ஒலிக்குப் பதினேழு மில்லி விநாடி கழித்து வந்து சேரும். அதை நாம் தனி ஒலியாகக் கேட்பதில்லை. திசையை முதலில் வந்த அலைமுகப்பைக் கொண்டே தீர்மானிக்கிறோம். எனவே ஒலியின் தொடக்கத்தைத் துல்லியமாகக் குறிப்பதும் மூளைத்தண்டின் தலைக்கடன்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. காலம் பற்றிய பேச்சு வந்ததும் நம் ஊரில் மனம் லயத்துக்குத் தாவுகிறது. திருச்சி மண்ணுக்கு அந்தப் பெருமை உண்டு. அருகிலுள்ள பூவாளூரில் 1942இல் பிறந்து, பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் கற்ற திருச்சி சங்கரன் 1971இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்கு மிருதங்கத்தைக் கொண்டுசென்று பாடமாக்கினார். ஆனால் நிமிடத்துக்கு 80 தட்டுகள் கொண்ட தாளத்தில் ஒரு தட்டுக்கு எட்டுச் சொல் வாசித்தால், இரண்டு சொற்களுக்கு இடையே 94 மில்லி விநாடி இருக்கிறது. இதைக் கணக்கிடுவது புறணியும் சிறுமூளையும் அடித்தள முடிச்சுகளும். மூளைத்தண்டின் வேலையோ இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நுண்ணியது. கர்நாடக இசை பயின்றோர் ஒலியின் நடுவே வரும் மிகச் சிறு இடைவெளிகளை மற்றவர்களைவிட நன்றாக உணர்கிறார்கள் என்று ஸ்ரீகாந்த மிஸ்ராவும் மானஸ பாண்டாவும் 2014இல் எழுதினர். மதிப்புள்ள முடிவு அது. ஆனால் அதுவும் மில்லி விநாடித் திறன்தான். இசைப் பயிற்சி மூளைத்தண்டைக் கூர்மையாக்குகிறது என்ற பரவலான கூற்று பெரும்பாலும் தலையில் மின்முனை ஒட்டிப் பதியும் ஒரு மின்சைகையை நம்பியிருக்கிறது. அச்சைகையில் புறணியின் பங்கும் கலந்திருப்பதைக் காஃபியும் சகாக்களும் 2016இல் காட்டிவிட்டனர். எந்த வித்வானின் மூளைத்தண்டுக் கால்வாய்களையும் யாரும் அளந்ததில்லை. லய ஞானத்துக்கு அயனிக் கால்வாய்களிலிருந்து நேர்வழி போடுவது ஆய்வல்ல, ஆசை.

சவ்வின் வேகம்

நரம்பணுவின் சவ்வு மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும். தேங்கியது வடிய ஆகும் காலத்தைச் சவ்வின் மின்தேக்கத் திறனும் மின்தடையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதற்குக் கால மாறிலி என்று பெயர். பெருமூளைப் புறணியின் பிரமிடு நரம்பணுக்களில் அது 10 முதல் 20 மில்லி விநாடி வரை இருப்பது வழக்கம். அத்தகைய அணுவில் ஐந்து மில்லி விநாடி இடைவெளியில் வந்த இரண்டு சைகைகள் ஒன்றாகக் கூடிவிடும். பல செய்திகளைத் திரட்டிப் பார்க்க அது நல்ல ஏற்பாடு. எது முன், எது பின் என்று சொல்லவோ அது உதவாது.

செவி நரம்பு மூளைத்தண்டில் முதலில் இறங்குமிடமான செவிக்கருவில், கைகளை ஒரே பக்கமாக நீட்டிய வடிவத்தால் ஆக்டோபஸ் எனப் பெயர்பெற்ற அணுக்கள் உள்ளன. இவற்றின் கால மாறிலி 0.2 மில்லி விநாடி. புறணி அணுவோடு ஒப்பிட்டால் ஐம்பது மடங்குக்கும் மேலான வேகம். சவ்வின் பரப்பு இருக்கும்வரை மின்தேக்கத் திறனைப் பெரிதாகக் குறைக்க முடியாது. மிஞ்சும் வழி, மின்தடையை வீழ்த்துவது. அதாவது ஓய்வு நிலையிலேயே ஏராளமான கால்வாய்களைத் திறந்து வைத்திருப்பது.

இதைப் புரிந்துகொள்ளும் மொழியை 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் நரம்பிழையிலிருந்து உருவாக்கித் தந்தார்கள். செவிக்கருவுக்கு அந்த மொழி வந்து சேர முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1983இல் டொனாட்டா ஓர்ட்டல், எலியின் செவிக்கருவைச் சீவல்களாக உயிரோடு வைத்து அளந்தபோது, நீண்ட மின்னோட்டம் செலுத்தினாலும் சில அணுக்கள் தொடக்கத்தில் மட்டும் துடித்துவிட்டு அடங்குவதைக் கண்டார். காரணம் 1991இல் தெளிவாயிற்று. பால் மானிஸும் மார்க்ஸும் கினிப் பன்றியின் செவிக்கருவிலிருந்து பிரித்தெடுத்த அணுக்களில், ஓய்வு மின்னழுத்தத்துக்கு மிக அருகிலேயே திறக்கத் தொடங்கும் ஒரு பொட்டாசிய மின்னோட்டத்தை அளந்தனர். கேவி1 என்ற குடும்பத்துக் கால்வாய்கள் அதைச் சுமக்கின்றன என்பது பின்னர் உறுதியானது. மாம்பா பாம்பின் நஞ்சிலிருந்து எடுக்கும் டென்ட்ரோடாக்ஸின் இக்கால்வாய்களை அடைத்துவிடும். அதை இட்டதும், ஒருமுறை மட்டும் துடித்து அடங்கிய அணு அடுக்கடுக்காகத் துடிக்கத் தொடங்குகிறது.

கேவி1 வெறும் ஓட்டை என்று எண்ணிவிடக் கூடாது. இந்த விஷயத்தின் நுட்பமே அங்குதான் இருக்கிறது. எப்போதும் திறந்திருக்கும் ஓட்டையும் சவ்வை வேகப்படுத்தும். ஆனால் அணுவை மந்தமாக்கிவிடும். கேவி1 மின்னழுத்தத்தைப் பார்த்துத் திறப்பது; திறக்கச் சற்று நேரமும் எடுப்பது. உள்ளே வரும் சைகை மெல்ல ஏறினால், துடிப்பு எழுவதற்கு முன்பே கால்வாய்கள் திறந்து, பொட்டாசியம் வெளியேறி, ஏற்றத்தை மழுக்கிவிடுகிறது. சைகை சடாரென்று ஏறினால், கால்வாய்கள் விழித்துக்கொள்வதற்குள் துடிப்பு நிகழ்ந்துவிடுகிறது. ஆக இந்த அணு எவ்வளவு என்று கேட்பதில்லை, எவ்வளவு வேகமாக ஏறியது என்று கேட்கிறது. ஒரே கணத்தில் வந்த பல சைகைகள் மட்டுமே அந்த வேகத்தைத் தர முடியும். சிதறி வந்தவை எத்தனை இருந்தாலும் அணு வாய் திறப்பதில்லை.

கேவி1 மட்டும் இருந்தால் சவ்வின் மின்னழுத்தம் கீழே இழுக்கப்பட்டு, அந்தத் தாழ்விலேயே கால்வாய்கள் மூடிக்கொள்ளும். அதைத் தாங்கிப் பிடிப்பது எச்.சி.என். எனப்படும் இன்னொரு கால்வாய். மின்னழுத்தம் தாழும்போது திறந்து, சோடியத்தை உள்ளே விட்டு, சவ்வை மேலே தூக்குவது இதன் குணம். கேவி1 கீழே இழுக்க, எச்.சி.என். மேலே இழுக்க, மின்னழுத்தம் இடையில் நிற்கிறது. இரண்டும் திறந்தே இருப்பதால் மின்தடை அடிமட்டத்தில் கிடக்கிறது. ஆக்டோபஸ் அணுக்களில் இந்த இரண்டு மின்னோட்டங்களும் எவ்வளவு பெரியவை என்பதை ரமஸான் பாலும் ஓர்ட்டலும் 2000, 2001ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் அளந்து காட்டினர்.

இதன் பலனைக் காண ஸ்ரீரங்கத்தில் ஓர் ஒலி இருக்கிறது. பகல் பத்து நாட்களில் அர்ஜுன மண்டபத்தில் நடக்கும் அரையர் சேவையில் அரையர் கையில் இருப்பது தாளம் மட்டுமே. அந்த உலோகத் தட்டல் தாழ்ந்த அதிர்வுகளையும் உயர்ந்த அதிர்வுகளையும் ஒரே கணத்தில் எழுப்புகிறது. ஆனால் செவிச்சுருளில் அலை அடிப்பகுதியிலிருந்து நுனிக்குப் பயணிக்க வேண்டும். உயர் அதிர்வுகளின் செய்தி முதலிலும் தாழ் அதிர்வுகளின் செய்தி தாமதமாகவும் புறப்படுகிறது. ஒரே தட்டல் நரம்பில் சிதறிவிடுகிறது. ஆக்டோபஸ் அணுவின் கிளைகள் இச்சிதறலைச் சரிக்கட்டும் விதத்தில் அமைந்துள்ளன என்று மெக்கின்லி, ஓர்ட்டல் முதலியோர் 2012இல் எலிகளில் காட்டினர். முந்தி வரும் செய்தி கிளைநுனியில் சேர்ந்து தொலைவு கடந்து வருகிறது. பிந்தி வருவது அணுவுடலுக்கு அருகிலேயே சேர்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நரம்பிழைகளின் செய்தி அணுவுடலில் ஒன்றாக வந்து விழ, தட்டலின் கணம் ஒற்றைத் துடிப்பாகப் பதிகிறது.

ஸ்வரத்தின் கதை வேறு. ஒரு கட்டை ஸ்ருதியில் நடு ஸட்ஜம் விநாடிக்குச் சுமார் 262 அதிர்வு; ஓர் அதிர்வுக்கு 3.8 மில்லி விநாடி. அதை ஒட்டி அதே கட்டத்தில் துடிப்பவை செவி நரம்பிழைகளும், அவற்றிடமிருந்து செய்தி பெறும் புதர் அணுக்களும். பூனைகளில் நரம்பிழைகள் விநாடிக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் அதிர்வுவரை இப்படி ஒட்டித் துடிக்கின்றன. தாழ்ந்த அதிர்வுகளில் புதர் அணு தனக்குச் செய்தி தரும் நரம்பிழையைவிடக் கூர்மையாக ஒட்டுகிறது என்று ஜோரிஸும் குழுவினரும் 1994இல் கண்டறிந்தனர். நகல் மூலத்தைவிடத் துல்லியமாக இருப்பது, பல நரம்பிழைகள் ஓர் அணுவில் கூடுவதாலும் கேவி1 சிதறியவற்றைக் கழிப்பதாலும் வருகிறது.

நிறுத்துவதன் வேகம்

தொடங்குவதை ஒழுங்குபடுத்துவது கேவி1 என்றால், முடிப்பதை ஒழுங்குபடுத்துவது கேவி3. துடிப்பின் உச்சத்துக்கு அருகில் மட்டுமே திறந்து, சட்டென்று சவ்வைக் கீழே கொண்டுவந்து, உடனே மூடிக்கொள்ளும் கால்வாய் அது. மூளைத்தண்டின் ட்ரப்பீசாய்டு கருவில் இது செறிந்திருக்கிறது. ஹான்ஸ் ஹெல்டு 1893இல் வரைந்து காட்டிய, அணுவைக் கிண்ணம்போல் கவ்விப் பிடிக்கும் மாபெரும் நரம்பு முனை இருப்பதும் அங்கேதான். அந்தக் கருவின் அணுக்கள் விநாடிக்குப் பல நூறு முறை துடிக்கக்கூடியவை, கேவி3.1 கால்வாயை அடைத்துவிட்டால் அந்த வேகம் கைகூடுவதில்லை என்று வாங், கச்மரெக் முதலியோர் 1998இல் நிறுவினர்.

இந்தக் கால்வாய் சூழலையும் அறிகிறது. அமைதியான இடத்தில் வைத்த எலிகளில் கேவி3.1 மூலக்கூறின்மேல் பாஸ்பேட் ஒட்டியிருந்து அதன் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. பேரொலி கேட்டதும் அந்த பாஸ்பேட் கழன்று மின்னோட்டம் பெருகுகிறது. 2005இல் கச்மரெக் குழுவினர் வெளியிட்ட இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில் காலத் துல்லியம் என்பது பிறவியிலேயே பூட்டப்பட்ட குணமல்ல, கேட்கும் ஒலிக்கேற்பச் சீர்செய்யப்படுவது என்பதற்கு மூலக்கூறு அளவில் கிடைத்த சான்று அது.

இழையா, தடையா, சவ்வா?

இனி விவாதத்தின் மையம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலர் லாயிட் ஜெஃப்ரஸ் 1948இல் ஓர் எளிய வரைபடத்தை முன்வைத்தார். இரண்டு காதுகளிலிருந்தும் வரும் இழைகள் வெவ்வேறு நீளம் கொண்டவை. அவை வரிசையாக நிற்கும் அணுக்களைச் சென்றடைகின்றன. ஒவ்வோர் அணுவும் இருபுறச் செய்தியும் உடனிகழும்போது மட்டும் துடிக்கும். எந்த அணு துடிக்கிறதோ அதுவே திசை. நாற்பது ஆண்டுகள் கழித்துக் கேத்தரின் காரும் மசகாசு கொனிஷியும் கூகை ஆந்தையின் மூளையில் ஏறக்குறைய அப்படியே ஓர் அமைப்பைக் கண்டார்கள். 1990இல் வெளிவந்த அவர்களுடைய விரிவான கட்டுரைக்குப் பின் ஜெஃப்ரஸின் வரைபடம் பாடநூல் உண்மையாகிவிட்டது.

பாலூட்டிகளில் அது அவ்வளவு பொருந்தவில்லை. 2001இல் மெக்கால்பைன், ஜியாங், பாமர் மூவரும் கினிப் பன்றிகளை ஆராய்ந்தபோது, பல அணுக்கள் அந்த விலங்கின் சிறிய தலையால் உண்டாக்கவே முடியாத நேர வேறுபாடுகளுக்குத்தான் அதிகமாகத் துடித்தன. இழை நீளங்களால் ஆன வரைபடம் என்றால் இது வீண் ஏற்பாடு. அடுத்த ஆண்டு பெனெடிக்ட் குரோத்தேயின் குழு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. மங்கோலிய ஜெர்பில் எலிகளில், இரு காதுச் செய்திகளும் சந்திக்கும் நடு ஆலிவுக் கருவில், தூண்டும் செய்திக்குச் சற்று முன்னதாகக் கிளைசின் என்ற வேதிப்பொருள் வழியே ஒரு தடைச் செய்தி வந்து அணுவின் விருப்ப நேரத்தை, அதாவது அணு மிக அதிகமாகத் துடிக்கும் நேர வேறுபாட்டை, நகர்த்துகிறது என்றனர். ஸ்ட்ரிக்னைன் இட்டுத் தடையை நீக்கியதும் விருப்ப நேரம் சுழியை நோக்கி நகர்ந்ததை ஆதாரமாகக் காட்டினர். பத்தாண்டுக் காலம் இந்த விளக்கம் கோலோச்சியது.

இவற்றுக்கு இணையாக மூன்றாவது பாதையும் வளர்ந்தது. ஜெஃப்ரஸ் பணியாற்றிய அதே டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நேஸ் கோல்டிங்கின் ஆய்வகம் சவ்வைக் கவனித்தது. நரம்பணுவின் கிளைகள் வழியே வரும் சைகை வழியிலேயே பரந்து மழுங்கிவிடும் என்பது இயற்பியல் நியதி. 2010இல் மேத்யூஸ், கோல்டிங் முதலியோர் எழுதிய கட்டுரை, நடு ஆலிவு அணுக்களில் கேவி1 கால்வாய்கள் அணுவுடலிலும் அதை ஒட்டிய கிளைப்பகுதியிலும் செறிந்திருப்பதையும், அதனால் சைகை அணுவுடலை நெருங்க நெருங்க ஒடுங்கிக் கூர்மையாவதையும் காட்டியது. அந்த ஆய்வகத்தில் பணிசெய்த சுகாந்த் குரானா 2011, 2012ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் எச்.சி.என். கால்வாயின் பங்கைச் சேர்த்தன. ஜெர்பில் குட்டிக்குக் காது கேட்கத் தொடங்கிய பின் வரும் நாட்களில் இந்த மின்னோட்டம் மாறி வளர்கிறது. அந்த வளர்ச்சியின்றி இருகாதுத் துல்லியம் அமைவதில்லை.

2013இல் தடை விளக்கத்துக்கு நெருக்கடி வந்தது. ராபர்ட்ஸ், சீமன், கோல்டிங் மூவரும் தடைச் சுற்றுகளைச் சிதைக்காத தடித்த சீவல்களில் அளந்து, கிளைசின் தடை விருப்ப நேரத்தை நகர்த்தவில்லை என்றனர். அதே ஆண்டு வான் டெர் ஹெய்டனும் குழுவினரும் உயிருள்ள விலங்கில் அளந்து, இரு காதுச் செய்திகளும் எளிய கூட்டலாகவே சேர்வதாகச் சொன்னார்கள். மறு ஆண்டில் மியோகா முதலியோர், தடையின் நேரமும் வடிவமும் விருப்ப நேரத்தை நகர்த்தவே செய்கின்றன என்று மறுத்தார்கள். இந்த வழக்கில் 2015இன் ஃப்ராங்கென், ஜோரிஸ், கோல்டிங் முதலியோர் கட்டுரைக்கு நான் அதிக எடை தருகிறேன். உயிருள்ள ஜெர்பிலின் நடு ஆலிவு அணுவுக்குள்ளிருந்தே பதிவுசெய்த அரிய வேலை அது. தூண்டும் செய்திகள் வந்து சேரும் நேரங்களை மட்டும் வைத்து அணுவின் விருப்ப நேரத்தைக் கணிக்க முடியவில்லை. தடையும் அதை விளக்கப் போதவில்லை. முந்தைய செய்தி சவ்வின் கால்வாய்களை எந்த நிலையில் விட்டுச் சென்றதோ, அந்த நிலை அடுத்த செய்தியின் வாய்ப்பை மாற்றியது. அதாவது தாமதத்தின் ஒரு பகுதி இழையில் இல்லை, தடையிலும் இல்லை. அணுவின் சவ்விலேயே பிறக்கிறது.

ஆயினும் இதை முழு வெற்றி என்று கொண்டாட முடியாது. ஆந்தையில் இழைகளின் பங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது; பறவைக்கும் பாலூட்டிக்கும் ஒரே விடை இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சீவல் ஆய்வுகளில் பல, உடல் வெப்பத்துக்குக் கீழே அளக்கப்பட்டவை. வெப்பம் குறைந்தால் கால்வாய்கள் மந்தமாகின்றன; மைக்ரோ விநாடிக் கேள்வியில் இது சிறு பிழையல்ல. சீவலில் விலங்கு கேட்பதில்லை. வாழும் மூளையின் ஓயாத சந்தடி அங்கே இல்லை. இவற்றையெல்லாம் கழித்த பின்னும் ஒன்று நிற்கிறது. இழை தரும் தாமதமானாலும் தடை தரும் நகர்த்தலானாலும், 10 முதல் 20 மில்லி விநாடி வரை தேக்கி வைக்கும் சவ்வில் வந்து விழுந்தால் அது தடமின்றிக் கரைந்துபோகும். அதைப் படிக்கக்கூடிய சவ்வை முதலில் உண்டாக்கியாக வேண்டும். அதை உண்டாக்குபவை கேவி1, எச்.சி.என். கால்வாய்கள். இந்தப் பொருளில்தான் அவற்றை அடித்தளம் என்கிறேன்.

கேட்கும் உயிர்களில்

அணுவில் கண்டது நடத்தையில் தெரிகிறதா? ஆலனும் ஐசனும் 2012இல் கேவி1.1 மரபணு நீக்கிய எலிகளைச் சோதித்தனர். அவற்றின் கேட்கும் திறன் எல்லையில் மாற்றமில்லை. மெல்லிய ஒலியும் கேட்டது. ஆனால் ஒலி இடம் மாறிய சிறு வேறுபாட்டை உணர்வது குறைந்துபோயிற்று. மூளைத்தண்டின் மின்சைகைகளும் ஒத்திசைவு இழந்திருந்தன. எலி இருகாது நேர வேறுபாட்டைவிட ஒலியளவின் வேறுபாட்டையே பெரிதும் நம்பும் விலங்கு என்பதால், இதை அப்படியே மனிதருக்குப் பெயர்த்து எழுத முடியாது.

மனிதரில் கிடைத்த மிக நேரடியான சான்று 2013இல் வந்தது. கேவி3.3 கால்வாயின் மரபணுவில் ஏற்படும் ஒரு பிறழ்வு, உடல் தள்ளாடும் ஒருவகைச் சிறுமூளை நோயைத் தருகிறது. அந்தப் பிறழ்வைச் சுமக்கும் பிலிப்பைன்ஸ் வம்சாவளிக் குடும்பத்தினரை ஜான் மிடில்புரூக்ஸ், எஸ்.எச். சுப்ரமணி உள்ளிட்டோர் சோதித்தார்கள். சாதாரண செவித்திறன் சோதனையில் அவர்களிடம் குறை தெரியவில்லை. இரு காதுகளுக்கிடையிலான நேர வேறுபாட்டையும் அளவு வேறுபாட்டையும் உணர்வதிலோ அவர்கள் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். ஒரே குடும்பம், ஒரே பிறழ்வு என்பதால் பொதுவிதி வகுக்க இது போதாது. ஆனால் ஒலி கேட்பதும் ஒலியின் காலத்தைக் கேட்பதும் வேறு வேறு திறன்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய மனிதச் சான்றை நான் கண்டதில்லை. ஒலிபுகா அறையில் தனித்தனி சுரங்களைக் கேட்கவைத்து வரையும் ஆடியோகிராம் முதலாவதை மட்டுமே அளக்கிறது. சந்தடியில் பேச்சு புரியவில்லை என்று வருபவரிடம், சோதனை இயல்பாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவது ஆகவே போதுமான பதிலாகாது.

துல்லியத்தின் விலை

ஓய்விலும் கால்வாய்களைத் திறந்து வைத்திருக்கும் அணு, கசியும் அயனிகளை ஓயாமல் திருப்பி இறைத்தாக வேண்டும். அதற்கு ஆற்றல் வேண்டும். சோகோலோஃபும் குழுவினரும் 1977இல் விழித்திருக்கும் எலியின் மூளை குளுக்கோஸைச் செலவிடும் வேகத்தைப் பகுதி பகுதியாக அளந்தபோது, மிக அதிகமாகச் செலவிட்டது பார்வைப் புறணியல்ல; செவிப்பாதையைச் சேர்ந்த கீழ்க் குன்றுக் கரு. மேல் ஆலிவும் செவிக்கருவும் உயர்ந்த இடங்களில் இருந்தன. இவ்வளவு செலவிட்டு வாழும் அணுக்கள் நெருக்கடியில் முதலில் தடுமாறுவதில் வியப்பில்லை. ஆற்றல் தேவைதான் அந்த மென்மைக்குக் காரணம் என்பது நியாயமான ஊகம், நிறுவப்பட்ட முடிவல்ல.

அந்த மென்மை நம் பிரசவ வார்டுகளில் தெரிகிறது. பச்சிளங்குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானே தணியும். பிலிருபின் அளவு மிகவும் உயர்ந்து மூளைக்குள் புகுந்தால் அது குறிவைக்கும் இடங்களில் செவிக்கருவும் மூளைத்தண்டின் பிற செவி மையங்களும் முக்கியமானவை. அத்தகைய குழந்தையின் செவிச்சுருள் நலமாக இருக்கலாம். அப்போது செவிச்சுருளின் எதிரொலியை மட்டும் பதியும் ஓ.ஏ.இ. சோதனையில் குழந்தை தேறிவிடும். பாதிப்பை வெளிப்படுத்துவது மக்கள் ‘பெரா டெஸ்ட்’ என்று சொல்லும் பரிசோதனை. ஜெவெட்டும் வில்லிஸ்டனும் 1971இல் விவரித்த அந்த மின்னலைகள், சொடுக்கொலி கேட்ட பத்து மில்லி விநாடிக்குள் வரிசையாக எழுகின்றன. பல்லாயிரம் அணுக்கள் ஒரே கணத்தில் துடித்தால்தான் அலை தெரியும். துடிப்புகள் சிதறினால் அணுக்கள் உயிரோடு இருந்தாலும் கோடு தட்டையாகிவிடும். பெரா அடிப்படையில் ஒரு காலச் சோதனை. முதல் அலை சரியாக இருந்து மூன்றாவது, ஐந்தாவது அலைகள் தாமதித்தாலோ மறைந்தாலோ கோளாறு மூளைத்தண்டில் இருக்கிறது என்று பொருள்.

குழந்தைகளின் செவிநலத்துக்கான அமெரிக்கக் கூட்டுக் குழு 2007இல், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, மூளைத்தண்டுச் சோதனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டம் பிறவிச் செவித்திறன் குறைபாட்டைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. திருச்சியிலோ சுற்றுவட்டாரத்திலோ பிறந்த உங்கள் வீட்டுக் குழந்தைக்கு, இரத்த மாற்றுச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேசும் அளவுக்கு மஞ்சள் காமாலை ஏறியிருந்தால், வீட்டுக்கு அனுப்பும் முன் பெரா செய்யப்பட்டதா என்று கேளுங்கள், ஓ.ஏ.இ. முடிவை மட்டும் காட்டினால் மறுபடியும் கேளுங்கள். சோதனை முதல் மாதத்துக்குள், உறுதிப்படுத்தல் மூன்றாம் மாதத்துக்குள், சிகிச்சை ஆறாம் மாதத்துக்குள் என்பதே ஏற்கப்பட்ட கால வரையறை.